எரிந்து விழும் உரிமை

வீட்டில் ஓர் ஆண் சிகரெட்டை விட்டால் அது அந்த வீட்டுக்கே தெரியும், தெரிந்தாக வேண்டும். "அப்பா சிகரெட்ட விட்டிருக்காரு, கிட்டப் போய் நைநைன்னு நிக்காத" என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போகும். டிவி சத்தம் குறையும். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் அன்றைக்குத் தட்டு பறக்கும் என்பதால் மனைவி இரண்டு முறை ருசி பார்த்துப் பரிமாறுவார். மாமியார் மருமகளை அடுப்படி ஓரம் அழைத்து, "நல்ல காரியம் பண்றான். ஒரு பத்து நாளைக்கு நீதாம்மா அனுசரிச்சுப் போவணும்" என்பார். பதினோராம் நாள் அவர் டீக்கடையில் நின்று மறுபடி பற்றவைத்தாலும், "பாவம், முயற்சி பண்ணினான்" என்ற நற்சான்று பாக்கியிருக்கும்.

அதே வீட்டில் ஒரு பெண் விட்டால்?

மூன்றாம் நாள். தலை கனக்கிறது. கை பரபரக்கிறது. இரவெல்லாம் தூக்கமில்லை. எதிரில் யார் வந்தாலும் கடித்துக் குதறலாம் போலிருக்கிறது. ஆனால் காலை ஐந்து மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் "என்ன திமிரு" என்பார்கள். இன்னும் கொஞ்சம் உயர்ந்தால் "தேதி வந்துடுச்சா" என்பார்கள். உட்கார்ந்து அழுதால் மந்திரிக்கக் கூட்டிப்போகும் வீடுகள் இன்றும் உண்டு. "விட்டிருக்கேன், அதான் இப்படி" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விளங்கிவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது. விட்டதைச் சொன்னால் பிடித்ததையும் சொன்னதாக ஆகிவிடும்.

புகையிலையை விட முயலும் பெண்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மன உறுதி பற்றியே பேசுகிறார்கள். மன உறுதிக்கு நம் பெண்களிடம் என்ன குறை? அவர்களுக்கு இல்லாதது, விடும் காலத்தில் எரிந்து விழும் உரிமை. ஆணுக்கு அது கேட்காமலே கிடைக்கிறது. அந்த எரிச்சலைத் தாங்கும் வேலை பெண்ணுக்குப் போகிறது. அவள் விடும்போது தாங்க யாரும் இல்லை. இதைப் பேசாமல் "தண்ணி குடிங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பது பாதி மருத்துவம்தான்.

நமநமப்பு என்பது என்ன?

ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. நம் ஊரில் "வாய் நமநமங்குது" என்பார்கள். அதைவிடச் சரியான சொல் கிடையாது.

சிகரெட் புகையோடு உள்ளே போகும் நிகோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையைத் தொடுகிறது. அங்கே டோபமைன் சுரக்கிறது. ஒரு நிம்மதி பரவுகிறது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதற்குள் மூளை அடுத்ததைக் கேட்கும். ஆண்டுக்கணக்காக இப்படி ஊட்டப்பட்ட மூளை, நிகோடின் வரும் என்ற கணக்கிலேயே தன்னை மாற்றி அமைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கவனச் சிதறல், அடங்காத பசி, சோர்வு எல்லாம் வரிசை கட்டி வரும். விட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் எழும் நமநமப்பு சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்தச் சில நிமிடங்களைக் கடந்துவிட்டால் அந்த அலை இறங்கிவிடும். அடுத்தது வரும், அதுவும் இறங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெண்ணுடல் பொதுவாக நிகோடினை ஆணுடலைவிட வேகமாகச் சிதைத்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாக. கருவுற்றிருக்கும் காலத்தில் அதைவிட வேகமாக. அதாவது ரத்தத்தில் நிகோடின் சீக்கிரம் குறைகிறது. நமநமப்பு சீக்கிரம் திரும்பி வருகிறது. "பொம்பளைங்களால விட முடியாது, மனசு வீக்" என்று சொல்கிறவர்கள் கவனிக்க: இதில் மனசுக்கு வேலையே இல்லை, இது கல்லீரல் செய்கிற வேலை.

யாருடைய நாளுக்கு எழுதிய யோசனை?

நமநமப்பு வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று உலகமெங்கும் சொல்லப்படும் நான்கு யோசனைகள் உண்டு. பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். ஆழ மூச்சு விடுங்கள். தண்ணீர் குடியுங்கள். வேறு வேலையில் கவனத்தைத் திருப்புங்கள், எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

நான்கும் நல்ல யோசனைகள். நான்கும் வேலை செய்யும். யாருக்கு வேலை செய்யும் என்பதுதான் கேள்வி.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் சென்னீர்குப்பம். பழைய ஊரும் புதிய அடுக்குமாடிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் புறநகர். இங்கிருந்து ஒரு பெண் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போகிறாள்; இன்னொருத்தி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்டுக்கு கம்பெனி வண்டி ஏறுகிறாள்; மூன்றாமவள் அந்த அடுக்குமாடிகளில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள்; நான்காமவள் சித்தாள் வேலைக்குப் போகிறாள்; ஐந்தாமவள் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இந்த ஐந்து பேருக்கும் அந்த நான்கு யோசனைகளைக் கொடுத்துப் பாருங்கள்.

பத்து நிமிடம் தள்ளிப்போடு. அசெம்பிளி லைனில் நிற்கிறவளுக்குப் பத்து நிமிடம் யாருடையது? கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில், நமநமப்பு வந்ததென்று எழுந்து போக முடியுமா? கடைகளில் வேலை செய்யும் பெண்கள் நாற்காலியில் உட்காரவே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட ஊரில் நமநமப்புக்கு இடைவேளை யார் தருவார்கள்?

தண்ணீர் குடி. குடிக்கலாம். எட்டு மணி நேரம் கட்டடத்தில் வேலை செய்யும் சித்தாளுக்குக் கழிப்பறை எங்கே? வேலைக்குப் போனால் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கப் பழகிய உடம்புகள் இவை. சிறுநீர்த் தொற்றோடு வாழ்கிற பெண்ணிடம் தண்ணீர் குடி என்று சொல்வதற்கு முன் அவளுக்கு ஒரு கதவு வைத்த கழிப்பறை கட்டிக்கொடுங்கள்.

நடந்துவிட்டு வா. இரவு ஒன்பதரை மணிக்கு, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, நமநமப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தில், ஒரு பெண் "சும்மா நடந்துட்டு வரேன்" என்று வீட்டைவிட்டு இறங்கினால் எத்தனை கேள்விகள் வரும்? ஹாஸ்டலில் அந்நேரம் கேட்டே பூட்டியிருக்கும்.

மூச்சு மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு மட்டும் யார் அனுமதியும் தேவையில்லை.

இந்த யோசனைகளை எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. தன் நாளின் பத்து நிமிடம் தன் கையில் இருக்கும் ஒருவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஒருவர் பெரும்பாலும் ஆண்.

யார் இந்தப் பெண்கள்?

"நம்ம ஊர்ல எந்தப் பொண்ணு சிகரெட் குடிக்குது? ஐ.டி. கம்பெனிப் பசங்க நாலு பேர் குடிக்கும்" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2016-17இல் இந்தியா முழுவதும் நடந்த வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி நாட்டுப் பெண்களில் 14.2 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். ஏழு பெண்களில் ஒருத்தி. அதில் புகைப்பவர்கள் 2 சதவீதம்தான். வாயில் போடுகிறவர்கள் 12.8 சதவீதம். ஆண்களில் புகைப்பவர்கள் 19 சதவீதம்.

இதன் பொருள், பெண்களின் புகையிலை பெரும்பாலும் புகையாதது. அதனால் கண்ணுக்குத் தெரியாதது. வெற்றிலை மடிப்புக்குள் ஒரு துண்டு போயிலை. சேலை முந்தானை முடிச்சில் ஒரு ஹான்ஸ் பாக்கெட். கல்லூரிப் பையில் கூல் லிப். தமிழ்நாட்டில் குட்கா வகையறாக்களுக்கு 2013 முதல் தடை இருக்கிறது. தடைக்குப் பின்னும் சரக்கு கிடைக்கிறது, விலைதான் ஏறியிருக்கிறது. அந்த ஏறிய விலையையும் கூலியிலிருந்து கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.

பெண் புகைப்பது மேலைநாட்டு இறக்குமதி என்பதும் கட்டுக்கதை. வடக்கே ஆந்திரக் கடலோரத்தில், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்தில், சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. அப்படிப் புகைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் கிராமங்களில் இடுப்பில் சுருக்குப்பையோடு இருந்த பாட்டிகளை யாரும் மேலைநாட்டுக்காரிகள் என்று சொன்னதில்லை. பாட்டி போயிலை போட்டால் வழக்கம். பேத்தி பற்றவைத்தால் கலாச்சாரச் சீரழிவு. இரண்டிலும் உள்ளே போவது அதே நிகோடின். கவலை ஆரோக்கியத்தைப் பற்றியது என்றால் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி பதறியிருப்பார்கள். பிள்ளை பெறும் வயதைக் கடந்த உடம்பின்மேல் யாருக்கும் அக்கறை இல்லை. அந்த வயதில் இருக்கும் உடம்பின்மேல் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

திருநெல்வேலி, தென்காசி, வேலூர் மாவட்டங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்கப் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள். விரல் வழியாக அது உடம்பில் ஏறுகிறது. அதைப் பார்த்து யாரும் "பொம்பளைக்கு இது அழகா" என்று கேட்டதில்லை. சுற்றிக் கொடுத்தால் குடும்பப் பெண்; ஒன்றை எடுத்துப் பற்றவைத்தால் நடத்தை கெட்டவள்.

இந்நேரம் உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி வந்திருக்கும்: இதை எழுதுகிறவள் புகைப்பாளா? ஓர் ஆண் எழுதியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. பதில் சொல்லப் போவதில்லை. ஒரு பெண் புகையிலையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் முதலில் கூண்டில் ஏறி நின்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வெட்கத்தை விற்பவர்கள், விடுதலையை விற்பவர்கள்

திரையரங்கில் படம் தொடங்கும் முன் முகேஷைப் பார்த்திருக்கிறோம். சுனிதாவையும் பார்த்திருக்கிறோம். சுனிதா தோமர் மத்தியப் பிரதேசத்துப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய். புகையிலை மென்றதால் வாய்ப் புற்றுநோய் வந்தது. பாக்கெட்டுகளில் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கும் முடிவை அரசு 2015இல் தள்ளிவைத்தபோது பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாளில், 2015 ஏப்ரல் 1 அன்று, 28 வயதில் இறந்துபோனார். பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2016 ஏப்ரல் 1. சரியாக ஓராண்டு கழித்து.

சுனிதாவை நாம் அறிந்தது சிதைந்த முகமாக மட்டும்தான். அவர் ஓர் அரசைக் கேள்வி கேட்டவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? புகையிலை எதிர்ப்புப் பிரச்சாரத்தில் பெண்ணுக்கு ஒதுக்கப்படும் வேடங்கள் மிகக் குறைவு: புற்றுநோயாளியின் கண்ணீர் வடிக்கும் மனைவி, அப்பாவின் புகையில் இருமும் மகள், வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்கும் தாய். தனக்காக, தன் நுரையீரலுக்காக, தன் ஈறுகளுக்காக விட விரும்பும் பெண்ணை அங்கே காணோம். கருப்பை இல்லையென்றால் நமக்கு நுரையீரலும் இல்லை போலிருக்கிறது.

வெட்கம் ஒருத்தியையும் விட வைக்காது. ஒளிய வைக்கும். மகப்பேறு மருத்துவர் "ஏதாவது பழக்கம் உண்டா" என்று கணவரையோ மாமியாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் எவள் உண்டு என்பாள்? 35 வயதுக்கு மேல் புகைக்கும் பெண் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுகிறது. அந்த மாத்திரையை எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடம்கூடச் சொல்ல முடியாத ரகசியமாக அவளது பழக்கத்தை ஆக்கிவைத்தது எது? இந்த வெட்கம் உயிரைக் குடிக்கக்கூடியது.

மறுபக்கம், விடுதலையை விற்பவர்கள். 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூ ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலர் எல்லோர் முன்னிலையிலும் சிகரெட் பற்றவைத்தார்கள். சுதந்திரத்தின் தீப்பந்தங்கள் என்று பத்திரிகைகளில் பேசப்பட்டது. பெண்ணுரிமைப் போராட்டமாகக் காட்டப்பட்ட அந்தக் காட்சியைத் திட்டமிட்டவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. சந்தையின் மறுபாதி, அதாவது பெண்கள், சிகரெட் வாங்காமல் இருப்பது அவர்களை உறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே கம்பெனி, இனிப்புக்குப் பதிலாக எங்கள் சிகரெட்டை எடுங்கள் என்று பெண்களின் இடுப்பளவைக் குறிவைத்து விளம்பரம் செய்திருந்தது. ஒரு கையில் விடுதலை, மறு கையில் ஒல்லி இடுப்பு. நம் கோபத்தையும் நம் தாழ்வுணர்ச்சியையும் ஒரே பாக்கெட்டில் போட்டு விற்ற கெட்டிக்காரத்தனம் அது.

"என் உடல், என் விருப்பம், பெண்ணியக் கட்டுரை எதற்கு எனக்கு அட்வைஸ் பண்ண வேண்டும்" என்று மாணவிகள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புகைக்கிற பெண்ணை விடச் சொல்லி நான் எழுதவில்லை. அவள் புகைப்பதைப் பார்த்து அவள் நடத்தையை எடைபோடும் எவரோடும் சண்டை போடத் தயார். ஆனால் விருப்பம் என்றால் விட்டுவிடவும் முடிய வேண்டும். காலையில் கண் விழித்ததும் கை தானாகப் பாக்கெட்டைத் தேடுகிறதென்றால், அங்கே விருப்பம் என்ற சொல்லுக்கு இடம் மிகவும் குறுகிவிடுகிறது. விட நினைத்து, விட முடியாமல் தனியே தவிக்கும் பெண்ணுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

புகையிலை எதை மூடிவைத்தது?

ஏன் போட ஆரம்பித்தீர்கள் என்று வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். பல் வலிக்குப் போட்டேன் என்பார் ஒருவர். பல் மருத்துவரிடம் போக ஒரு நாள் கூலி போகும். போயிலை சில ரூபாய். பசிக்காமல் இருக்கப் போட்டேன் என்பார் இன்னொருவர். நிகோடின் பசியை மழுங்கடிக்கும் என்பது உண்மைதான். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மீந்ததைத் தின்கிறவளுக்கு அது தெரிந்திருக்கிறது. ஹாஸ்டல் பெண், பரீட்சை நேரத்து டென்ஷனுக்கு என்பாள். கால் சென்டர் பெண், வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிவிட்டு அடுத்த அழைப்பில் சிரிப்பதற்கு என்பாள்.

கொஞ்சம் கூர்ந்து கேட்டால் எல்லாம் ஒன்றுதான். வலியை, பசியை, கோபத்தை வெளியே காட்டாமல் அன்றைய வேலையை முடிப்பதற்குப் புகையிலை உதவியிருக்கிறது. கத்த வேண்டிய இடத்தில் வாயை அடைத்துவைக்க ஒரு துண்டு போயிலை. அந்த அடைப்பை எடுத்தால் உள்ளே இருந்தது வெளியே வரத்தானே செய்யும்? விடுகிற பெண்ணுக்கு வரும் எரிச்சலில் ஒரு பகுதி நிகோடின் இல்லாததால் வருவது. மறுபகுதி இத்தனை நாள் நிகோடின் அமுக்கிவைத்திருந்தது. முதல் பகுதி சில வாரத்தில் போய்விடும். இரண்டாவது போகாது, போகவும் தேவையில்லை. அதற்குக் காரணமானவர்கள் பதில் சொல்லட்டும்.

அதனால்தான் வீடு பயப்படுகிறது. "ஐயோ, மறுபடியும் ஒண்ணு போட்டுக்கோம்மா, உன் மூஞ்சியப் பாக்க முடியல" என்று பிள்ளைகளே எடுத்துக் கொடுத்த வீட்டை எனக்குத் தெரியும். அம்மாவின் வாய்ப் புற்றுநோயைவிட அம்மாவின் கோபம் அவர்களுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது.

அலை இறங்கும்வரை

உலகம் மாறும்வரை காத்திருக்க முடியாது. நாளைக் காலையே விட நினைக்கும் பெண்ணுக்கு நாளைக் காலைக்கான வழி வேண்டும்.

உங்கள் நமநமப்புக்கு ஒரு கால அட்டவணை இருக்கும். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும் அந்த ஐந்து நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஷிஃப்ட் முடிந்து வண்டிக்குக் காத்திருக்கும்போது, மாமியாரோடு வாக்குவாதம் முடிந்த கையோடு. இரண்டு நாள் கவனித்தால் பிடிபட்டுவிடும். அந்த நேரங்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாயில் போட சோம்பு, ஏலக்காய், கிராம்பு, காய்ந்த நெல்லிக்காய், ஒரு துண்டு கேரட். கைக்கு ஏதாவது வேலை. எழுந்து போக முடியாத இடத்தில் மூச்சு: நான்கு எண்ணும்வரை இழுத்து, அதைவிட நிதானமாக விடுங்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது.

ஒன்றில் கவனம். போயிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதான் போடுகிறேன் என்று ஆறுதல் பட வேண்டாம். பாக்கும் பழக்கத்துக்கு அடிமையாக்கும். பாக்கு தன்னளவிலேயே புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. பான் மசாலாவும் அதே வகைதான்.

மெடிக்கல் ஷாப்பில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் சீட்டில்லாமல் கிடைக்கும். மிட்டாய் போல விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கிவைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்த கையோடு போட்டால் பலன் குறையும். கால் மணி நேரம் விடுங்கள். இதை வாரா வாரம் குறைத்துக்கொண்டே வந்து மூன்று மாத அளவில் நிறுத்த வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். கடைக்காரர் "யாருக்கும்மா, வீட்டுக்காரருக்கா" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தாலும் குற்றமில்லை. "எனக்குத்தான்" என்று சொல்ல முடிந்தால் அடுத்து வரும் பெண்ணுக்குக் கொஞ்சம் எளிதாகும்.

எடை கூடும். விட்டவர்களுக்கு முதல் ஓராண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுவது வழக்கம். அந்த நான்கைந்து கிலோவுக்குப் பயந்து திரும்பப் பற்றவைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1928இன் அந்த விளம்பரம் இன்னும் வேலை செய்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஏறட்டும். நுரையீரலைக் கொடுத்து ஜாக்கெட் அளவைக் காப்பாற்ற வேண்டாம்.

நடுவில் ஒன்று போட்டுவிட்டால், அந்த ஒன்றோடு நிறுத்துங்கள். "அவ்வளவுதான், எல்லாம் போச்சு" என்று பாக்கெட்டையே முடிக்கத் தேவையில்லை. பலர் பல முறை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள். ஆணுக்குக் கிடைக்கும் அந்த நற்சான்றை நீங்களே உங்களுக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒருத்தியிடமாவது சொல்லிவிடுங்கள். கூட வேலை செய்யும் அக்கா, ஹாஸ்டல் தோழி, யாராவது. யாருமே இல்லையென்றால் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் எல்லாப் புகையிலை பாக்கெட்டிலும் அச்சிடப்படும் எண் அது. தமிழிலும் பேசலாம். உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது.

யாரிடம் என்ன கேட்போம்?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடியவர். 2002இல் இந்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நாடெங்கும் 13 புகையிலை விடுப்பு மையங்களை உருவாக்கியபோது அந்த மருத்துவமனையும் ஒன்றாக இருந்தது. பெருமைதான். ஆனால் சென்னீர்குப்பத்திலிருந்து அடையாறுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். வீட்டில் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும்.

எனவே உதவி அவள் வாசலுக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களே அடுப்படியில் தனியாக இருக்கும் பெண்ணிடம், யாரும் கேட்காத தூரத்தில், குரலில் தீர்ப்பில்லாமல், "நீங்க ஏதாவது போடுறீங்களா? விடணும்னு நெனச்சிருக்கீங்களா?" என்று கேட்கட்டும். ஆம் என்றால் நிகோடின் சூயிங்கத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கொடுக்கட்டும். கழிப்பறையும் இடைவேளையும் இல்லாத தொழிற்சாலையின் வாசலில் புகையிலை எதிர்ப்பு நாள் பேனர் கட்டுவதை நிறுத்திவிட்டு, முதலில் பத்து நிமிடம் கொடுக்கட்டும். பெண் நோயாளியின் பழக்கவழக்கம் பற்றிய கேள்வியை மருத்துவர்கள் அவளைத் தனியே வைத்துக் கேட்கட்டும்.

கடைசியாக வீட்டுக்கு. இத்தனை காலம் உங்கள் அப்பாக்களும் அண்ணன்களும் கணவர்களும் சிகரெட்டை விட்டபோதெல்லாம் அந்த எரிச்சலைத் தாங்கியவள் இவள். இப்போது இவள் முறை. பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். காரணமில்லாமல் கத்துவாள். ஒருநாள் சமைக்காமல் படுத்துக்கொள்வாள். "என்ன ஆச்சு உனக்கு" என்று மிரட்டாமல், சிகரெட் பாக்கெட்டை ஃபிரிட்ஜ்மேல் வைக்காமல், அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைந்து போடுங்கள். மூன்று வாரம்தான். நல்ல காரியம் பண்ணுகிறாள். நீங்கள்தான் அனுசரித்துப் போக வேண்டும்.